காட்டுக் கோயிலும் ஞானஸ்நான ஏடும்

மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பேருந்துகளில் 'லஸ்' என்ற சொல் நாளொன்றுக்கு எத்தனை நூறு முறை ஒலிக்கும் என்று யாரும் கணக்கெடுத்திருக்க முடியாது. லஸ் கார்னர், லஸ் சர்ச் ரோடு, லஸ் பிள்ளையார் கோயில் என்று ஒரு வட்டாரமே அச்சொல்லைச் சுமந்துகொண்டிருக்கிறது. சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு அது போர்த்துகீசியச் சொல் என்றோ, ஒளி என்பது அதன் பொருள் என்றோ தெரிந்திருக்காது. தெரியாததில் குறை ஒன்றுமில்லை. ஊர்ப்பெயர்கள் பொருள் இழந்தே நிலைபெறுகின்றன. ஆனால் அப்பெயருக்குக் காரணமான கோயில் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒளியின் அன்னைக்கு எழுப்பப்பட்ட அச்சிறு ஆலயத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பிரகாச மாதா கோயில் என்பார்கள். பழைய தலைமுறையினருக்கு அது 'காட்டுக் கோயில்'. கோயில் எழுந்த காலத்தில் அப்பகுதி மரங்கள் அடர்ந்த காடாக இருந்ததாம். இன்று காடு இல்லை, பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

சாந்தோம் பேராலயத்தின் கூர்கோபுரத்தைப் போல இக்கோயில் தொலைவிலிருந்து கண்ணில் படாது. தேடிச் செல்பவர்களே அதைக் காண்பார்கள். கோதிக் வளைவுகளும் பரோக் பாணி அலங்காரங்களும் கலந்த அதன் அமைப்பைப் பற்றிக் கட்டடக்கலை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது வேறு. ஒரு சிறிய பங்குக் கோயிலின் வரலாறு என்று நாம் எதைக் கருதுகிறோம், எதைக் காப்பாற்ற நினைக்கிறோம், எதை நம் கைகளாலேயே அழித்துவிடுகிறோம் என்பதே என் கேள்வி. லஸ் கோயிலை அதற்கு ஒரு சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கோயிலைப் பற்றிய கதை பலருக்கும் தெரிந்ததே. கடலில் வழிதவறிய போர்த்துகீசிய மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டார்கள். அதைப் பின்தொடர்ந்து கரைசேர்ந்து நடந்தார்கள். ஒளி மறைந்த இடத்தில் நன்றிக்கடனாக ஆலயம் எழுப்பினார்கள். கதைக்குத் துணையாக ஒரு கல்வெட்டும் அங்கே உண்டு. பெத்ரு த அத்தோகியா என்ற பிரான்சிஸ்கன் துறவியின் பெயரையும் 1516 என்ற ஆண்டையும் அது சொல்கிறது. சென்னையின் மிகப் பழைய தேவாலயங்களுள் ஒன்று என்ற பெருமைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அந்தக் கல்தான்.

வரலாற்று ஆய்வாளர்களில் சிலர் அந்த ஆண்டை ஐயத்தோடு பார்க்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. போர்த்துகீசியர் மயிலாப்பூரில் உள்ள புனித தோமையாரின் கல்லறையைத் தேடி வந்ததாகக் கிடைக்கும் பதிவு 1517-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்மீனிய வணிகர் ஒருவர் வழிகாட்டி அழைத்து வந்ததாக அது கூறுகிறது. கல்லறையைத் தோண்டிச் சீர்செய்தது 1523-இல். அவர்களது குடியிருப்பு இங்கே உருவானதும் அந்த ஆண்டுகளை ஒட்டித்தான். அப்படியிருக்க, அதற்கு முன்பே, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் காட்டுக்குள் ஒரு கோயில் எப்படி எழுந்திருக்க முடியும்? கல் பிற்காலத்தில் வைக்கப்பட்டதாக இருக்கலாம். ஆண்டு பிழையாக வெட்டப்பட்டிருக்கலாம். ஆவணங்களில் ஏறாத ஒரு முந்தைய வருகையும் இருந்திருக்கலாம். அறிஞர்கள் வாதிடட்டும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த ஆண்டு 1516-ஆக இருந்தாலும் 1546-ஆக இருந்தாலும் அக்கோயிலில் நாளை காலை நடக்கவிருக்கும் பூசைக்கு எந்த வேறுபாடும் இல்லை. தொன்மை ஒரு பெருமை, அவ்வளவே. கல் ஒரு துறவியின் பெயரைச் சொல்கிறது. சுண்ணாம்பு அரைத்தவர், செங்கல் சுமந்தவர், முதன்முதலில் அங்கே ஞானஸ்நானம் பெற்ற குழந்தை ஆகியோரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஆனாலும் பங்கின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் நாம் கல்லில்தான் தொடங்குகிறோம். அடுத்தடுத்து வந்த ஆயர்கள், பங்குத்தந்தையர் பட்டியலில் முடிக்கிறோம். வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், நூற்றாண்டு மலர் என எதைப் புரட்டினாலும் இதே வரிசையைத்தான் காண்கிறோம்.

இங்கே சாந்தோமை நினைத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் காணும் வெண்ணிறப் பேராலயம் பழையதன்று. தோமையார் கல்லறையின் மேல் போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயத்தை இடித்துவிட்டு, ஆயர் ஹென்ரிக் ரீத் த சில்வாவின் காலத்தில், 1893-இல் தொடங்கி 1896-இல் அர்ச்சிக்கப்பட்ட நவகோதிக் கட்டடம் அது. அழகான கட்டடம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் மக்கள் மண்டியிட்ட சுவர்களை இன்று யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. சாந்தோம் பெரியது, புகழ்பெற்றது, ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். ஆகவே ஒவ்வொரு காலமும் தன் பெருமைக்கேற்ப அதைப் புதுப்பித்துக் கட்ட விரும்பியது. லஸ் கோயிலோ சிறியது. அதை இடித்துக் கட்டிப் பெருமை தேடிக்கொள்ளும் அவசியம் யாருக்கும் நேரவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. சிறுமைதான் அதைக் காத்தது என்பேன்.

அதைச் சுற்றி எத்தனை ஆட்சிகள் மாறின! சாந்தோமை 1662-இல் கோல்கொண்டாப் படை பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். இரண்டே ஆண்டுகளில் இழந்தார்கள். 1749-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆனால் அரசியல் அதிகாரம் கைமாறிய பின்னும் திருச்சபை அதிகாரம் போர்த்துகலிடமே இருந்தது. 1606-இல் தொடங்கப்பட்ட மயிலை மறைமாவட்டம் 'பதுரவாதோ' எனப்படும் போர்த்துகீசிய அரசின் ஞான ஆதரவுரிமையின்கீழ் இயங்கியது. சில மைல்களுக்கு அப்பால் புனித ஜார்ஜ் கோட்டையிலோ 1642 முதல் கப்புச்சின் துறவிகள் ரோமின் நேரடி அதிகாரத்தில் பணியாற்றினார்கள். ஒரே நகரம், ஒரே விசுவாசம், இரண்டு ஆட்சி எல்லைகள். மயிலை ஆயரை முன்மொழியும் உரிமையைப் போர்த்துகல் கைவிட்டது 1950-இல். இரண்டு மறைமாவட்டங்களும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தது 1952-இல். அதாவது, இந்தியா விடுதலை பெற்ற பின்னும் சில ஆண்டுகள் மயிலாப்பூர்க் கத்தோலிக்கரின் ஆயர் யார் என்பதில் லிஸ்பனுக்குச் சொல் இருந்தது.

இத்தனை மாற்றங்களும் மேலே நடந்துகொண்டிருந்தபோது கீழே, பங்கில் என்ன நடந்தது? குழந்தைகள் பிறந்தன. ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. திருமணங்கள் நடந்தன. இறந்தவர்கள் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஏட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டது. பங்கின் உண்மையான வரலாறு அந்த ஏடுகள்தாம் என்பது என் கட்சி.

இவ்வழக்கத்தின் பின்னணி சுவையானது. திருமணப் பதிவேட்டைப் பங்குக் குரு வைத்திருக்க வேண்டும் என்று திரிதெந்தீன் சங்கம் 1563-இல் விதித்தது. 1614-இல் வெளியான ரோமைச் சடங்கு நூல் ஐந்து ஏடுகளை வரையறுத்தது: ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், இறப்பு, இவற்றோடு 'ஆன்மாக்களின் நிலை' என்ற குடும்பக் கணக்கு. இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் 535-ஆம் விதியில் ஞானஸ்நான, திருமண, இறப்பு ஏடுகளைக் கட்டாயமாக்குகிறது. ஒருவரின் உறுதிப்பூசுதல், திருமணம், குருப்பட்டம் ஆகியவற்றை அவரது ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கச் சொல்கிறது. ஆகவே ஒருவர் எந்த ஊரில் வாழ்ந்தாலும் அவர் வாழ்க்கையின் திருப்பங்கள் எல்லாம் அவர் முதலில் தண்ணீர் வார்க்கப்பட்ட சிறு கோயிலின் ஏட்டுக்குத் திரும்பி வந்து சேர்கின்றன. இதைவிட நுட்பமான ஒரு நினைவேற்பாட்டை நான் அறிந்ததில்லை. அதே விதியின் இறுதிப் பகுதி, பழைய ஏடுகளைக் கவனத்தோடு பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பகுதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நான் வளர்ந்த பங்கு வேறொரு நகரத்தில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஓட்டுக்கூரை வேய்ந்த சிறிய கோயில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் வலப்புறம், பெண்கள் இடப்புறம், குழந்தைகள் முன்னால் பாயில். சில ஆண்டுகளுக்கு முன்பு நூற்றாண்டு விழா நெருங்கியபோது, பழையதை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது. நன்கொடைச் சீட்டுகள் அச்சாயின. பங்குப் பேரவையில் இரண்டு முதியவர்கள் மட்டும் தயங்கினார்கள். பேரவைக்கு ஆலோசனை சொல்லும் உரிமைதான் உண்டு, முடிவெடுக்கும் உரிமை இல்லை என்று அவர்களுக்கு அன்போடு விளக்கப்பட்டது. சட்டப்படி அது சரிதான். 536-ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது.

இடிப்பு வேலை தொடங்கியபோது சங்கீர்த்தி அறையில் இருந்த மர அலமாரியைத் தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். பாத்திரங்களும் உடுப்புகளும் பத்திரமாக ஒருவர் வீட்டுக்குப் போயின. ஏடுகள் அலமாரியிலேயே இருந்தன. அந்த ஆண்டு ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது.

குடும்ப ஓய்வூதியத்துக்காக என் அம்மாவுக்குப் பிறந்த தேதிச் சான்று தேவைப்பட்டபோதுதான் நாங்கள் அங்கே போனோம். அந்தத் தலைமுறையில் பலருக்கும் போல அவருக்கும் ஞானஸ்நானப் பதிவைத் தவிர வேறு சான்று கிடையாது. ஏட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. பிரித்த இடங்களில் மை பரவி நீலக் கறையாக நின்றது. புதிதாக மாறுதலாகி வந்திருந்த பங்குத்தந்தை உண்மையாகவே வருந்தினார். "நான் இங்க வந்தே ரெண்டு வருஷம்தாம்மா ஆகுது" என்றார்.

"உங்களைக் குறை சொல்லலை சாமி" என்றார் அம்மா. "எங்கப்பா, எங்கம்மா, ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாரும் அதுல ஒரே வரியில இருந்தாங்க. இனிமே அவங்களை நான் எங்க போய்ப் பார்க்கிறது?"

ஓய்வூதியம் வேறு வழியில், பல அலைச்சல்களுக்குப் பிறகு கிடைத்துவிட்டது. அம்மாவின் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிச் செல்கிறவர்கள். மக்கள் அங்கேயே இருப்பவர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் மாறிச் செல்கிறவரிடமும் விளைவு இருப்பவர்களிடமும் தங்குகிறது. இது எந்தத் தனிமனிதரின் பிழையும் அன்று, அமைப்பின் கோளாறு என்றுதான் நினைக்கிறேன்.

இடித்துக் கட்ட வேண்டும் என்பவர்களின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நகரங்களில் பங்கு மக்கள் பெருகிவிட்டார்கள். பெரிய வியாழனன்றும் கிறிஸ்துமஸ் இரவிலும் பாதிப்பேர் வெயிலிலோ பனியிலோ நிற்கிறார்கள். கூரை ஒழுகுகிறது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் படிகள் தடையாக இருக்கின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1960-களில் பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. குரு மக்களைப் பார்த்து நிற்கத் தொடங்கினார். அதற்கேற்பப் பல கோயில்களில் பீடத்தை மாற்றினார்கள். கோயில் வழிபாட்டுக்காகவே இருக்கிறது. அதை அருங்காட்சியகம் ஆக்க முடியாது என்கிறார்கள். மறுக்க முடியாத வாதம்.

பழமை என்பதற்காகவே எல்லாவற்றையும் போற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தை நோக்கி இரண்டு கூடங்களாகப் பிரிந்த ஆலயம் ஒன்று உண்டு. சாதிக்கு ஒரு பக்கம் என்று நடுவே நின்ற சுவரை 1910-இல் இடித்தார்கள். இடிக்கப்பட்டிருக்க வேண்டிய சுவர் அது; அதற்காக யாரும் கண்ணீர் சிந்த வேண்டியதில்லை. மயிலாப்பூரைப் பற்றிப் பேசும்போது, கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது என்ற வலுவான கருத்தையும் ஒதுக்கிவிட முடியாது. ஒரு கட்டடத்தைக் காப்பது என்றால் அதன் வரலாற்றை முழுதாக ஏற்பது. பெருமைக்குரிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துச் சட்டமிடுவது பாதுகாப்பு ஆகாது.

ஆயினும் நம் பங்குகளில் நடக்கும் பெரும்பாலான இடிப்புகளுக்கு இத்தகைய அறக்காரணம் எதுவும் கிடையாது. பழுதுபார்க்கத் தெரியாமையே காரணம். பழைய கோயில்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்து அரைத்த சுண்ணாம்பு அது. அச்சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் நாம் சிமெண்டைப் பூசுகிறோம்; பிறகு பளபளப்பான எனாமல் வண்ணம் அடிக்கிறோம். ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குகிறது. உப்புப் பூக்கிறது, பூச்சு பாளம் பாளமாக உதிர்கிறது, கூரையைத் தாங்கும் உத்தரத்தின் முனை சுவருக்குள்ளேயே உளுத்துப்போகிறது. இருபது ஆண்டுகளில் ஒரு பொறியாளர் வந்து பார்த்து, கட்டடம் பலமிழந்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கிறார். அவர் சொல்வது உண்மைதான். அதைப் பலவீனப்படுத்தியது முதுமையா, நாம் செய்த வைத்தியமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் எதுவும் என்னிடம் இல்லை. இடிப்பது என்ற முடிவுக்கு முன்பு, சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களிடம் ஒரு பழுதுபார்ப்பு மதிப்பீடும் வாங்கிப் புதுக்கட்டடத்தின் மதிப்பீட்டோடு அருகருகே வைத்துப் பங்கு மக்களிடம் காட்டலாம். பேரவைக்கு ஆலோசனை உரிமைதான் உண்டு என்றால், அந்த ஆலோசனையை அன்பியங்கள்தோறும் போய்க் கேட்டுப் பெறலாம். அதற்குச் சட்டம் தடையில்லை. இடிப்பதே சரி என்று முடிவானாலும் அளந்து வரைபடம் எடுத்து, ஒவ்வொரு சுவரையும் புகைப்படம் பிடித்து, தரையிலும் சுவரிலும் உள்ள கல்லறை வாசகங்களைப் படியெடுத்துவிட்டுப் பிறகு கடப்பாரையைத் தூக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலாக, ஏடுகளைப் படமெடுத்து இரண்டு இடங்களில் வைக்கலாம். ஒரு காலத்தில் இதற்கு நுண்படச் சுருள் வேண்டியிருந்தது. இன்று பங்கின் இளைஞர் குழுவில் நான்கு பேரும் நல்ல கைபேசியும் சில சனிக்கிழமைகளும் போதும். உயிரோடிருப்பவர்களின் விவரங்கள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பழந்தமிழ் அச்சு நூல்களைக் காப்பதற்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் காட்டிய அக்கறையில் சிறு பகுதியைக் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்கு அலமாரிகளுக்குக் காட்டினால், தமிழகச் சிறுநகரங்களின் குடும்ப வரலாறும் இடப்பெயர்வும் கொள்ளைநோய்க் காலங்களும் நாளைய ஆய்வாளனுக்கு ஏட்டு வரிகளாகக் கிடைக்கும். நாவல் எழுதுகிறவனுக்கும்தான்.

லஸ் கோயிலுக்குப் போகிறவர்கள் 1516 என்ற கல்லைப் பார்க்கத் தவற வேண்டாம். பார்த்துவிட்டுச் சற்று நேரம் பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள். வேலைக்குப் போகும் வழியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு நிமிடம் கைகூப்பிவிட்டுப் போகிறவர்களைக் காணலாம். அவர்களில் எல்லோரும் கிறிஸ்தவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு சிறிய கோயில் ஐந்நூறு ஆண்டுகள் உயிரோடிருப்பது இப்படிப்பட்டவர்களால்தான்.

என் அம்மா இப்போதும் ஞாயிறுதோறும் எங்கள் புதிய கோயிலுக்குப் போகிறார். குளிர்ந்த பளிங்குத் தரை, நல்ல ஒலிபெருக்கி, நிறைய மின்விசிறிகள். அவருக்கு வசதிதான், குறை சொல்வதில்லை. நுழைந்ததும் இடப்பக்கம் மூன்றாவது தூணருகே உட்காருகிறார். ஏன் அங்கே என்று ஒருமுறை கேட்டேன். பழைய கோயிலின் ஞானஸ்நானத் தொட்டி ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருந்திருக்கும் என்றார். உறுதியாகத் தெரியாதாம். அளந்து வைத்தவர் யாருமில்லை.